கொஞ்சம் கசக்கும் சோயா மோர்

தக்கலையில் யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். மழை நிற்குமா என்றால் நிற்கும் என்பார்கள். ஆபீசில் ஆள் இருப்பாரா என்றால் இருப்பார். வழி தெரியாதவர்கூட ஒரு திசைக்குக் கையை நீட்டிவிட்டுத்தான் நகர்வார். தெரியாது என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு கூச்சம், வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டது போல. அந்தக் கூச்சம் துளியும் இல்லாத ஒருத்தியை நான் அறிந்திருந்தேன்.

"எனக்கு அறியாது, மக்கா" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருக்காது. ஒரு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று நம்மோடு சேர்ந்து எட்டிப் பார்ப்பவள் போல நிற்பாள். கொஞ்ச நேரம் நாமும் அப்படியே நின்றுவிடுவோம்.

அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறேழு வயது கூடுதல். உயரமான மெலிந்த உருவம். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரத்தை வலது கையில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். முழங்கால் அளவு வெள்ளத்தில் நடப்பவள் போல, ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்து வைப்பாள். பெயரை இங்கே எழுதவில்லை. தான் விற்ற குப்பியிலேயே பெயர் வேண்டாம் என்றவள் அவள்.

குப்பியால்தான் எனக்கு அவளைத் தெரியும். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பேன். ஓர் ஆனி மாத மதியம், சாலை முழுவதும் மழையில் கரைந்து கிடந்தபோது, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே வெள்ளையாக, பாலைவிடக் கொஞ்சம் மஞ்சள் ஓடியதாக ஏதோ இருந்தது.

"இதுக்கு ஒரு ஸ்டிக்கர் வேணும்" என்றாள்.

"என்னதாக்கும் இது?"

"சோயாப் பாலு. உறை ஊத்திப் புளிக்க வச்சது. சோயா மோருன்னு எழுது. என்னென்ன போட்டிருக்கு, என்னைக்குச் செஞ்சது, லைசென்ஸ் நம்பர், என் போன் நம்பர். அவ்வளவு போதும்."

தேனுக்கும் மூலிகைப் பொடிக்கும் எண்ணெய்க்கும் ஸ்டிக்கர் அடித்து அடித்து, எழுத வேண்டிய வாசகங்களெல்லாம் என்னிடம் தயாராகவே இருந்தன. கேட்காமலே தட்டினேன்: உடல் சூட்டைத் தணிக்கும்.

எட்டிப் பார்த்தாள். "தணிக்குமா?"

"தணிக்கும்லா, அக்கா?"

"எனக்கு அறியாது. நீக்கிரு."

"எலும்புக்குப் பலம் தரும்னு போடட்டா?"

"பலரும் சொல்லுகாவ. நான் பாக்கல்ல. நீக்கிரு."

"இயற்கையானதுன்னாவது?"

அதற்குக் கொஞ்சம் யோசித்தாள். வெளியே ஓடையில் ஒரு தேங்காய் மட்டை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இயற்கையில்லாதது எதுவாக்கும்?" என்றாள். அதையும் நீக்கினேன்.

கடைசியில் ஸ்டிக்கரில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றேன். "கெடக்கட்டும். பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

அவள் வீடு பத்மநாபபுரத்தில், பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில். பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். ஏன் திரும்பினாள் என்று ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பாக்காத ஒண்ணைப் பாத்தேன்னு கையெழுத்துப் போடச் சொன்னாவ" என்றாள். பிறகு அடுப்பைக் குறைக்க எழுந்து போய்விட்டாள். கணவர் முன்பே இறந்திருந்தார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை.

சனிக்கிழமைகளில் மதியம் கடையை மூடிவிட்டு அங்கே போவேன். வீட்டின் பின்புறம் ஓட்டுச் சாய்ப்பில்தான் அவளுடைய வேலை. முந்தின நாளே ஊறிய சோயாப் பயறைத் தேய்த்துத் தோலை மிதக்க விடுவாள். கொதிநீர் விட்டு அரைப்பாள், இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது என்பாள். பிறகு காய்ச்சுவாள். நுரை பொங்கி ஓரத்துக்கு வரும்போது சாய்ப்பு முழுக்க அவித்த பயற்றின் மணம் நிறையும். துணியில் வடித்து, கையைச் சுடாத அளவுக்கு ஆறியபின், ஒரு சின்னப் பொட்டலத்திலிருந்து தூளை எடுத்துக் கலக்குவாள். அதுதான் உறை. குப்பிகளில் ஊற்றி, மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றுக்குள் அடுக்கி மூடுவாள். புதுப் பெட்டிதான். மீனுக்குக் குளிரை வைத்திருப்பதற்குச் செய்தது, இவளிடம் வெதுவெதுப்பை வைத்திருந்தது.

அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெட்டி பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கண் பாதி மூடியிருக்கும். வேளிமலையிலிருந்து மேகம் இறங்கி வந்து கோட்டைச் சுவரின் மேல் தங்கும். அரண்மனைக் கடிகாரம் எங்கோ தண்ணீருக்கடியில் அடிப்பது போல மணி அடிக்கும். ஒரு மணி நேரம் இருந்தோமா இரண்டு மணி நேரமா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.

"மூடுன பெட்டியில என்ன பாக்கீங்க, அக்கா?"

"உள்ள என்ன நடக்குன்னு அறியாது. அதான் பாக்கேன்."

என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் அப்படி ஒரு மதியம் சொன்னாள். சோயாப் பயற்றில் ஐசோஃபிளேவோன் என்று ஒரு சத்து உண்டு. பயற்றுக்குள் இருக்கும்போது பெரும்பாலும் அது ஒரு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒட்டியிருக்கும்வரை நம் உடம்புக்குள் அவ்வளவு எளிதாக ஏறாது. உறையில் இருக்கிற நுண்ணுயிர் அந்த ஒட்டுதலைப் பிரித்து, சர்க்கரையைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடும்.

"கிருமியாக்கும் இதெல்லாம் செய்யது" என்றாள்.

"ஆளுவகிட்ட கிருமின்னு சொல்லாதீங்க, அக்கா. ஒருத்தரும் வாங்க மாட்டாவ."

"கிருமிதானே? வேற என்ன சொல்ல?" என்று என்னைப் பார்த்தாள். "கேட்டியா மக்கா, அது புதுசா ஒரு துளி உண்டாக்கல்ல. இருந்த சத்துதான் இருக்கு. பிடி மட்டும் விட்டிருக்கு. எல்லாக் கிருமிக்கும் அந்தப் பிடியை விடுவிக்கத் தெரியாது. சிலது சும்மா புளிக்க வச்சிட்டுப் போயிரும். நாக்கில வச்சுப் பாத்தா ரெண்டும் மோருதான்."

"உங்க பெட்டியில உள்ளது எந்த வகை?"

"எனக்கு அறியாது" என்றாள், ஏதோ பரிசு ஒன்றை இன்னும் பிரிக்காமல் கையில் வைத்திருப்பவள் போல.

எனக்கு அப்போது நாற்பத்தேழு. மாதவிலக்கு நிற்கிற காலம். கடையில் இருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு வெக்கை கிளம்பி முகத்தில் ஏறும். மின்விசிறிக்கு அடியில் வியர்த்து ஒழுகும். எதிரே நிற்கிற ஆள் என்ன நினைப்பாரோ என்று இன்னும் வியர்க்கும். அந்த வருடம் தினமும் அவளுடைய மோரைக் குடித்தேன். நாலாவது மாதம் வெக்கை குறைந்தது. ஒரு வாரம் முழுக்க வரவே இல்லை. ஓடிப் போய்ச் சொன்னேன்.

"சந்தோசம்" என்றாள்.

"உங்க மோருதான் காரணம்."

"எனக்கு அறியாது."

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. ஒரு நல்லதை வாங்கிக்கொண்டவள் கொடுத்தவளிடம் வந்து நிற்கிறேன், கொடுத்தவள் நான் கொடுக்கவில்லை என்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "சிலருக்குக் குறையுன்னு சொல்லுகாவ. சிலருக்கு ஒண்ணும் செய்யல்லன்னும் சொல்லுகாவ. ஆளுக்கு ஆளு வயிறு வேற. நான் சும்மா ஆமான்னு சொல்லட்டா, உனக்காவ?" என்றாள். வேண்டாம் என்றேன். ஆனால் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் இல்லை. கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போன இரண்டாம் வருடம் ஒரு காலையில் இதயம் நின்றுவிட்டது. மகன் போனில் சொன்னபோது கடையில் கல்யாணப் பத்திரிகை ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்தத் தோன்றாமல், கடைசித் தாள் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போவதில் அவள் உயிரோடு நடமாட வேண்டும்.

முப்பது முப்பத்தைந்து வீடுகளில் அவளுடைய மோர் வாங்கினார்கள். ஆசிரியைகள், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேலாளர். சந்தையில் மீன் விற்கும் செலினும் உண்டு. கடியப்பட்டணத்துக்காரி. தெர்மாகோல் பெட்டி வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். சந்தைக்குள் நுழையும் முன்பே அவள் குரல் வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும். "சாளை மீனே, சாளை" என்று அவள் இழுப்பதில் ஒரு ராகம் இருந்தது.

எல்லாரும் விரும்பிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா அதைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவளுடைய பழைய தோழி ஒருத்தி இருந்தாள். வழக்கமான உறையில் செய்த ஒரு குப்பி, வேறோர் உறையில் புதிதாகச் செய்துபார்த்த ஒரு குப்பி, புளிக்க வைக்காத பால் ஒரு குப்பி. மூன்று வாரம் கழித்துத் தாள்கள் வந்தன. பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் கொண்டு வந்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு ஓடி, அங்கங்கே மலை போல எழுந்து இறங்கியது.

பாலின் தாளையும் வழக்கமான மோரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மலைகள் அதே இடத்தில், அதே உயரத்தில். புது உறையின் தாளில் அந்த மலைகள் கரைந்து, அவை இருந்த இடம் சின்னத் திட்டாகக் கிடந்தது. தள்ளி வேறோர் இடத்தில் புதிய மலைகள் எழுந்திருந்தன. விரலால் அவற்றின் மேல் ஏறி இறங்கினாள்.

"மனசிலாச்சா? இதுல பிடி விட்டிருக்கு. நாம குடிச்சதுல விடல்ல."

"நான் குடிச்சதிலயா?"

"ஆமா."

"அப்போ எனக்கு வெக்கை நின்னது?"

"நின்னது உள்ளதாக்கும். எதுனாலன்னு எனக்கு அறியாது. மழை வந்துது. நீ நேரத்துக்குத் திங்க ஆரம்பிச்சே. சனிக்கிழமை கடையைப் பூட்டிட்டு இங்க வந்து சும்மா இருந்தே. இதுல எதுவோ, இதொண்ணும் இல்லியோ." பிறகு அந்தத் தாள்களைப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள். தோற்றுப்போனவளின் சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை. வெகுநாள் தேடிய ஆளை எதிர்பாராத தெருவில் கண்டுவிட்டவள் அப்படிச் சிரிக்கலாம்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இத்தனை நாளும் நான் நினைத்த மாற்றம் இதில் நடக்கவில்லை, இது வெறும் புளித்த சோயாப் பால்தான், இனி வேறு உறையில் செய்யப்போகிறேன், அது கொஞ்சம் கசக்கும் என்று சொன்னாள். வங்கி மேலாளர், "இதை யாரு கேட்டா உங்ககிட்ட?" என்றார். "யாரும் கேக்கல்ல" என்றாள்.

புதிய மோர் கசக்கத்தான் செய்தது. குடித்து முடித்தபின் நாக்கின் பின்புறம் லேசாக ஒரு பிடிப்பு, பாக்கு மென்றது போல. பிடி விட்ட அந்தச் சத்துக்கே அப்படி ஒரு கசப்பு இருக்கலாம் என்று தோழி சொன்னாளாம். இரண்டு மாதத்தில் வாங்குகிறவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குறைவாகப் பயறு ஊறப் போட்டாள், அதிக நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

கவலைப்பட்டவள் நான். இவளை இவளிடமிருந்தே யாராவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ரோஸ் நிறத் தாளில் ஒரு நோட்டீஸ் அடித்தேன். அவள் நீக்கச் சொன்ன வாசகங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டேன். சூடு தணியும், எலும்பு பலப்படும், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி, பெண்களின் எல்லாத் தொல்லையும் மாத்திரை இல்லாமலே தீரும். இன்ன வீட்டில் கிடைக்கும். பத்திரிகை போடுகிற ஏஜெண்டிடம் கொடுத்து நாலைந்து தெருக்களுக்குச் செருகச் சொன்னேன். மிச்சத்தைச் சந்தையில் கொடுத்தேன். அக்கா பத்திரிகை வாங்குவதில்லை. அது எனக்குத் தெரியும்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். அக்கா வியந்தாள். "கசப்பு பிடிச்சுப் போச்சு போலிருக்கு" என்றாள். நான் தரையைப் பார்த்துச் சிரித்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் மீன் வாங்கச் சந்தைக்குப் போனோம். வாசலில் அக்கா நின்றாள். "செலின் வரல்லியா?" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, ராகம் இல்லை. உள்ளே போனால் செலின் தன் இடத்தில்தான் இருந்தாள். கவிழ்த்த பெட்டி மேல், அந்த வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு, கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. "வாங்க எக்கா" என்றாள். கனத்த, மெதுவான, யாரோ ஓர் ஆணின் குரல்.

"குரலுக்கு என்ன, செலினே?"

"சளியாக்கும். ஒரு மாசமா இப்பிடித்தான்."

"களுத்துக்கு உள்ள தைராய்டு மாத்திரை திங்கியா?"

செலின் நிமிர்ந்தாள். அந்த ஊதிய முகத்தில் ஒரு பெருமை. "அதை விட்டு மூணு மாசமாச்சே எக்கா. உங்க மோருதான் குடிக்கேனே, ஆளனுப்பி வாங்கி, தவறாம." இடுப்புப் பையிலிருந்து நாலாக மடித்த ரோஸ் தாளை எடுத்து நீட்டினாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முடித்துவிட்டு மேலிருந்து மறுபடி வாசித்தாள். அதில் என் கடைப் பெயர் இல்லை. பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் நெஞ்சிலிருந்து அந்தப் பழைய வெக்கை கிளம்பி முகத்துக்கு ஏறியது.

"அது நான் அடிச்சதாக்கும், அக்கா" என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்துத் தன் பையில் வைத்தாள். "எழும்பு செலினே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மீனு கெடக்கே."

"மீனுக்கு இவ இருப்பா."

அப்படித்தான் அன்று மதியம்வரை கடியப்பட்டணத்துச் சாளைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்ன விலை என்று தெரியாது, எடை போடத் தெரியாது. ஓர் அம்மா வந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இண்ணைக்குள்ளதா, நேத்துள்ளதா?" என்றாள். இன்றைக்குள்ளது என்று சொல்ல வாய் திறந்தேன். "எனக்கு அறியாது" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சந்தையின் இரைச்சல் எங்கோ விலகிப்போய், ஈக்களின் சத்தம் மட்டும் காதில் இருந்தது.

இரத்தம் சோதித்துப் பார்த்து, தைராய்டு மிகவும் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை அன்றே தொடங்க வேண்டும், காலையில் வெறும் வயிற்றில், சோயா குடிப்பதானால் பல மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும். உடம்பு தேற வாரக்கணக்காகும். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செலினின் கணவர் கேட்டதற்கு, டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாராம்.

அன்று மாலை அக்கா கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எந்தெந்தத் தெருவுக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "மறுப்பு ஒண்ணு அடி" என்றாள்.

அடித்தேன். அந்த நோட்டீஸில் சொன்னது எதுவும் உறுதியில்லை, சோயா மோர் மருந்தல்ல, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும், அதை அடித்தது நான்தான், மோர் செய்கிறவருக்குத் தெரியாது. கீழே என் பெயர். கடைசி வரியாக, இனி இப்படி நடக்காது என்று போட்டிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"நடக்காதுன்னு உனக்கு அறியுமா?"

நீக்கினேன்.

பத்திரிகைக்குள் செருக அவள் சம்மதிக்கவில்லை. வீடு வீடாக நடந்தோம். அவள் வாசலில் நிற்பாள், நான் தாளைக் கொடுத்து, வாயாலும் சொல்ல வேண்டும். முதல் பத்து வீடு நாக்கு புரளவில்லை. சிலர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்த ஒருவர், எதிரிலேயே மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்தார். ஓர் ஆசிரியை என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் அக்கா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குக்கூட என்னைத் தனியாக அனுப்பவும் இல்லை.

மோர் செய்வதை நிறுத்திவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் கடியப்பட்டணம் போவாள். செலின் மாத்திரையை விழுங்குகிறாளா, முகத்தின் வீக்கம் வடிகிறதா, குளிர் விட்டதா என்று பார்த்துவிட்டு வருவாள். நானும் கூடப் போனேன். கூப்பிட்டாள் என்றில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் பேசாமல் போய்ப் பேசாமல் வருவோம். இரவில் அவளுக்கு உறக்கமே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள். சாய்ப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளாம்.

ஒன்பதாவது வாரமோ பத்தாவது வாரமோ, ஒரு பிற்பகல். கடியப்பட்டணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கோயிலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். கடல் வெள்ளித் தகடாகக் கண்ணைக் கூச வைத்தது. கரையில் வள்ளங்கள் வந்திருந்தன, ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்து, எல்லாக் குரலுக்கும் மேலே போய், அங்கேயே நின்று நீண்டது. அக்கா சட்டென்று நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். செலினின் குரல்.

அவளிடம் போகவில்லை. தூரத்திலேயே, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, ஏலம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். செலின் யாரையோ வைதாள், யாரையோ பார்த்துச் சிரித்தாள், கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்து போனாள். எங்களைப் பார்க்கவில்லை. அலை வந்து மணலில் படுத்துத் திரும்பிப் போயிற்று. அக்கா கையை என் முழங்கையிலிருந்து எடுக்க மறந்திருந்தாள்.

திரும்பும்போது குலசேகரம் போகிற பஸ் கிடைத்தது. தக்கலை வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள். கண்டக்டர் தக்கலைக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். திங்கள்சந்தை தாண்டியதும் வாழைத் தோட்டங்களின் பச்சை ஜன்னலில் ஓட ஆரம்பித்தது. வெயில் இலைகளில் பட்டு உள்ளே வந்து, எங்கள் மடியில் ஆடி ஆடிப் போயிற்று. இத்தனை வாரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, எம்மேல வெறுப்பா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. எப்போதும் உடனே சொல்ல மாட்டாள். யோசிக்கிறாள் என்று, தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். ஒரு பாலம் போயிற்று, ஒரு குளம் முழுக்க ஆம்பலோடு போயிற்று. அப்போது என் தோளில் மெல்ல ஒரு கனம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருக்க, உறங்கியிருந்தாள். கைக்கடிகாரம் கட்டிய கை என் மடியில் மலர்ந்து கிடந்தது.

தக்கலை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எதிர்ச்சந்தில் என் கடையின் மூடிய ஷட்டர் தெரிந்தது. நான் அசையவில்லை. பஸ் கிளம்பி வேளிமலைப் பக்கம் திரும்பி, ரப்பர்த் தோட்டங்களின் நிழலுக்குள் நுழைந்தது. உள்ளே எல்லாம் பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் ஆயிற்று. மூச்சை அவள் மூச்சோடு சேர்த்து விட்டுக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் வந்து குனிந்தார். "தக்கலை போயாச்சே, அக்கா?"

"போட்டும். இவிய உறங்குகாவ" என்றேன், வாய் மட்டும் அசைய. "குலசேகரத்துக்கு ரெண்டு கிழிங்க."